சித்தப்பா செய்த திருகுமுளை

குடும்பத்தோடு வெளியே கிளம்புகிறவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எங்கே போனாலும் ஒரு ஆள் பைகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மற்றவர்கள் குளிப்பார்கள், சாமி கும்பிடுவார்கள், பொரி வாங்கித் தின்பார்கள். அந்த ஒரு ஆள் மட்டும் செருப்புகளுக்கு நடுவில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அத்தை.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மாமா இறந்தபின் கொள்ளேகாலிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு மைசூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளை யாரும் காவலுக்கு நியமிக்கவில்லை. வந்த வருடமே அந்த வேலை அவளுக்காகக் காத்திருந்தது, அவளும் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். மைசூரைச் சுற்றி அத்தை பார்க்காத இடமில்லை. எல்லாவற்றையும் வெளியிலிருந்து பார்த்திருந்தாள். சாமுண்டி மலையில் எந்தக் கடைக்காரன் அழுகல் தேங்காய் கொடுப்பான் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே அம்மனுக்கு அன்றைக்கு என்ன நிறப் புடவை என்பதை எங்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வாள். நாங்கள் ஆளுக்கொரு நிறம் சொல்வோம்.

இந்தக் காவல் வந்ததற்கும் ஒரு கதை இருந்தது. அத்தை எங்களோடு வருவதற்கு முன்னால் ஒரு ஆடிப் பதினெட்டுக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் எல்லாருமாக ஒன்றாக இறங்கிக் குளித்தோம். ஏறி வந்து பார்த்தால் அப்பாவின் பேண்ட் சட்டை இருந்த பையைக் காணவில்லை. அப்பா இடுப்பில் ஈர வேட்டியும் தோளில் அம்மாவின் மஞ்சள் துண்டுமாக பஸ் ஏறினார். கண்டக்டர் அவரைச் சாமியார் என்று எண்ணி எழுந்து இடம் கொடுத்ததை வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

சித்தப்பா, அப்பாவுக்கும் அத்தைக்கும் தம்பி, ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினார். அப்போது கல்யாணம் ஆகவில்லை. எதைப் பார்த்தாலும் இதை வேறு மாதிரி செய்தால் என்ன என்று யோசிக்கிற ஆள். அவர் செய்த தேங்காய் துருவி ஒன்று தேங்காயைவிட விரலை நன்றாகத் துருவியது. அதனால் ஒரு நாள் சாப்பிடும்போது, "இந்த ஆடிக்கு அக்காவும் தண்ணியில எறங்கோணும். அதுக்கு நான் ஒண்ணு செய்யறேன்" என்று அவர் சொன்னதும் எல்லாரும் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டோம். அத்தை மட்டும், "எனக்கெதுக்குடா இப்ப குளியலு" என்று அவருக்கு இன்னொரு களி உருண்டையை வைத்தாள்.

சில வாரம் கழித்து அவர் கோணியில் சுற்றிக் கொண்டுவந்ததைப் போல ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு கம்பி. கீழ்முனை கூர். கூருக்குச் சற்று மேலே, அகலமான வட்டத் தகடு ஒன்றை ஓரிடத்தில் வெட்டி, இரண்டு முனையையும் மேலும் கீழுமாக இழுத்துப் பிரித்து, கம்பியைச் சுற்றி வெல்டிங் வைத்திருந்தார். மேலே கனத்த வளையம். அதற்கும் மேலே கம்பியின் தலை சதுரமாக இருந்தது. அந்தச் சதுரத்தில் மாட்டித் திருகத் தனியாக ஒரு கைப்பிடி.

"ஆட்டைக் கட்டற முளைதான் இது. ஆனா அடிக்க வேண்டாம், திருகுனாப் போதும். திருகிட்டு, வளையத்துல சங்கிலி கோத்து, பையெல்லாம் சேத்துப் பூட்டிரோணும். கைப்பிடியக் கழட்டி எடுத்துட்டா எவனும் புடுங்க முடியாது."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குதாம். உன்ற முளை நிக்குமா?" என்றார் அப்பா.

சித்தப்பா கொல்லையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, முளையை நட்டுவைத்துத் திருகினார். சுத்தியல் இல்லை, அடி இல்லை. கம்பி தானாகவே இறங்குவதுபோல மண்ணுக்குள் இறங்கியது. நான் வாயைப் பிளந்தேன். அப்பா வளையத்தைப் பிடித்து இழுத்தார். முகம் சிவந்ததே தவிர முளை அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் வந்து இழுத்தார். பிறகு இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

"திருடன் ஸ்பானர் கொண்டுவந்தா?" அப்பா விடவில்லை.

"ஸ்பானர் வெச்சிருக்கறவன் எதுக்குண்ணா திருட வர்றான்? எங்கியாச்சும் வேலைக்குப் போயிருவான்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. குத்தினால் இறங்காத கம்பி திருகினால் எப்படி இறங்குகிறது? இறங்கியது ஏன் ஏற மறுக்கிறது? மண்ணுக்குள் அது யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? ஒரு மத்தியானம் முளையைச் சுற்றித் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட அது ஆட ஆரம்பித்தது, கடைசியில் பொத்தென்று சாய்ந்தது. உள்ளே யாரும் இல்லை. முதுகில் அம்மாவின் அடி மட்டும் விழுந்தது. சித்தப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "அதை மேல இழுத்தா, அந்தத் தகட்டுத் தலை மேல இருக்கற மண்ணு அத்தனையும் சேத்துத் தூக்கோணும் கண்ணு. மண்ணு என்ன லேசா? நீ மண்ணை எடுத்துட்டே, அது பாவம், ஒத்தையாப் போச்சு." விளையாடிப் பார்க்க ஒரு பழைய ஸ்குரூ ஆணியையும் கொடுத்தார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. படித்துறைக் கல்லில் முளை இறங்காது என்பதால் மேலே அரச மரத்துக்கு அந்தப் பக்கம் ஈர மண்ணாகப் பார்த்து சித்தப்பா திருகினார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் கன்னடத்தில், ஆற்றங்கரையில் எதற்கு சார் போர்வெல் போடுகிறீர்கள் என்று கேட்டார். பைகள், செருப்பு இருந்த கூடை, சோற்றுத் தூக்கு எல்லாவற்றின் காதிலும் சங்கிலி நுழைந்து பூட்டு விழுந்தது. சாவியும் கைப்பிடியும் சித்தப்பாவின் இடுப்புக் கயிற்றில் தொங்கின.

"எந்திரி அக்கா."

அத்தை பழக்கப்படி பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கியே இருக்கறேன்."

"அப்பறம் இத்தினி இரும்ப நான் எதுக்குத் தூக்கியாந்தேன்?"

அம்மாவும் கூப்பிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். முளையைவிட அத்தை கெட்டியாக உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவு. ஒருவழியாக எழுந்து வந்தாள். படி இறங்குகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டும் பார்த்தாள். சித்தப்பா சாவியைத் தூக்கிக் காட்டினார். அத்தை என் கையைப் பிடித்தபடி ஒரு முழுக்குப் போட்டு எழுந்தாள். இன்னொன்று போட்டாள். அதற்கப்புறம் மேலே பார்க்கவே இல்லை. முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைக்காமல் சிரித்தாள். அத்தைக்கு இத்தனை பல் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"கரையில இருந்து பாத்துட்டே இருந்தேன். இது எத்தினி சில்லுனு இருக்கும்னே எனக்குத் தெரியாது கண்ணு" என்றாள். எங்களில் கடைசியாகக் கரையேறியது அவள்தான். பைகள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தப்பாவைப் போல அறிவாளி உலகத்தில் இல்லை என்று நம்பினேன்.

அடுத்த பயணம் சிவனசமுத்திரம் அருவிக்கு. அப்பாவின் நண்பர் ஒருவர் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். காரில் இடம் கொஞ்சம். அம்மா நல்ல மனதோடுதான் சொன்னாள்: "சாமானப் பாத்துக்கத்தான் முளை இருக்குதே. அண்ணி எதுக்கு முழங்கால் வலியோட அலையோணும்? வீட்டுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல."

அதுவரை எங்கள் வீட்டுக்கு ஒரு பூட்டு போதுமானதாக இருந்தது. பைக்குக் காவல் வேண்டாம் என்று ஆனதும் வீட்டுக்குக் காவல் தேவைப்பட்டுவிட்டது. அத்தை, "ஆமா, எனக்கும் காலு ஒரு மாதிரி இருக்குது" என்றாள். விடியுமுன் எழுந்து எங்களுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கார் தெருமுனை திரும்புகிறவரை கேட்டில் நின்றாள். சாயங்காலம் நாங்கள் திரும்பியதும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அருவி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. முளையை எந்த இடத்தில் நட்டீர்கள், பைகளை யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை அத்தை, பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று நான் பெருமையோடு சொன்னேன்.

பிறகு கார்த்திகையில் நஞ்சன்கூடு போவதாக முடிவானது. கபிலை ஆற்றில் முழுகிவிட்டு சாமி பார்க்க வேண்டும். பஸ்ஸில்தான் போகிறோம், இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அம்மா அத்தையிடம், "ராத்திரிக்கு நாங்க வந்துதான் சாப்புடுவோம் அண்ணி" என்றாள். அத்தை தலையாட்டினாள்.

கிளம்புகிற அன்று காலையில் கைப்பிடியைக் காணவில்லை. முளை இருந்தது, சங்கிலி இருந்தது, பூட்டும் சாவியும் இருந்தன. கைப்பிடி இல்லாமல் அது வெறும் கம்பி. அப்பா பரணில் ஏறினார். அம்மா கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டு இழுத்தாள். சித்தப்பா தன் கருவிப் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினார்; அந்தச் சதுரத் தலைக்குப் பொருந்துகிற ஸ்பானரும் அதில் இல்லை. அத்தையும் எல்லாரோடும் சேர்ந்து தேடினாள்.

நான் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சமையலறையில் ராகி டின்னுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஸ்குரூ ஆணியை மண்ணில் திருகியாயிற்று, ராகியில் திருகினால் பிடிக்குமா என்பது அன்றைய ஆராய்ச்சி. பிடிக்கவில்லை. இன்னும் ஆழத்தில் பிடிக்குமோ என்று கையை முழங்கை வரை விட்டபோது விரலில் இரும்பு தட்டியது. தடவிப் பார்த்தேன். சதுர ஓட்டை இருந்தது.

கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தையிடம் ஓடினேன். "அத்தை, கைப்பிடி ராகி டின்னுல இருக்குது."

அத்தையின் கை ஒரு கணம் நின்றது. "அங்கியே இருக்கட்டும் கண்ணு. பத்தரமா இருக்கும்."

அது எனக்கு நியாயமாகவே பட்டது. ராகிக்குள் எந்தத் திருடன் தேடப் போகிறான்? ஆனால் எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறார்களே என்று குழப்பத்தோடு உள்ளே வந்தால் சித்தப்பா சமையலறையில் நின்றார். என் முழங்கையில் ஒட்டியிருந்த ராகியைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். கை முழங்கை வரை போய் அசையாமல் நின்றது. அங்கிருந்தே கொல்லைப் பக்கம் திரும்பினார். அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய குண்டாவை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வெறுங்கையை வெளியே எடுத்தார். ராகியைச் சமமாகத் தட்டிவிட்டு மூடியை அழுத்தி மூடினார்.

நான் வாயைத் திறந்தேன். "பக்கத்து வீட்டுல போயி மணி என்னன்னு கேட்டுட்டு வா" என்றார். எங்கள் கடிகாரம் அவர் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஓடினேன். திரும்பி வரும்போது அவர் கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கெடைக்கல. அக்கா, நீயும் பொறப்படு. சாமானப் பாத்துக்க ஆள் வேணும்."

அத்தை சேலை மாற்றிக்கொண்டு வர நேரமே ஆகவில்லை. மாற்றுச் சேலையை முன்கூட்டியே மடித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. நஞ்சன்கூட்டில் நாங்கள் ஆற்றுக்கும் கோயிலுக்கும் போய்வருகிறவரை பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எனக்கு வழிநெடுக அவர்களைப் பற்றிக் கதை சொன்னாள்.

அத்தனை பெரிய கைக்கு அவ்வளவு பெரிய இரும்பு எப்படித் தட்டுப்படாமல் போயிற்று என்று எனக்குப் பல நாள் யோசனையாக இருந்தது. "லேத்துல இன்னொரு கைப்பிடி செய்யலாமில்ல சித்தப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். "அளவு மறந்துபோச்சு கண்ணு" என்றார். கண்ணால் பார்த்தே கம்பியின் கனத்தைச் சொல்கிறவர் அவர். முளையைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம், துணிக்கொடி கட்டப் பயன்பட்டது.

மறு வருடம் ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரும் கிளம்பினோம், அத்தையும்தான். படித்துறை வந்ததும் அத்தை கூடையை வாங்கிக்கொண்டு அரச மரத்தடிக்கு நடந்தாள். சித்தப்பா முந்திக்கொண்டு போய்ப் பைகளின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குச் சளி புடிச்சிருக்குது. தண்ணியில எறங்குனா காச்சல் வந்துரும். நீ போ அக்கா."

அத்தை அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கூடையை அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இந்தத் தடவை திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினாள்.

பசி தாங்காமல் நான்தான் முதலில் கரையேறினேன். சளி பிடித்த சித்தப்பா ஐஸ் குச்சி சப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று வாங்கித் தந்து, அவசரமாகத் தின்னச் சொன்னார். நாங்கள் பாதிகூடத் தின்னவில்லை, அத்தை வந்துவிட்டாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று ஐஸைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். பையிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல அவர் தலையை அழுத்தி அழுத்தித் துவட்டிவிட ஆரம்பித்தாள். அவரும் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.

நனைந்திருப்பது அத்தையின் தலை. காய்ந்த தலையை எதற்குத் துவட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "சளி புடிச்ச தலையில்ல கண்ணு" என்று அத்தை இன்னும் அழுத்தித் துவட்டினாள்.