கண்ணுக்கு முந்திய பிளவை

எழுபதுகளின் இறுதியில் நான் கல்முனைக்கு அண்மையிலிருந்த ஒரு கல்லூரியின் உப அதிபர். கொழும்பில் படித்துப் பட்டம் பெற்றவன். ஊரில் பிணக்கு என்று வந்தால், நீதிமன்றம் செல்லுமுன் என் அபிப்பிராயத்தைக் கேட்டுப் போவார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னர் நடந்தது எத்தகைய மனிதனுக்கு நடந்தது என்பது தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மணமுடித்தவன் மனைவியின் வீட்டில்தான் குடியிருப்பான். நானும் அவ்வாறே இருந்தேன். மாவடிப்பள்ளியில் மனைவியின் மூத்த சகோதரருக்கு வயல் இருந்தது. அவர் வரம்பைப் பக்கத்து வயலுக்குள் நகர்த்திவிட்டார் என்று வழக்கு எழுந்தது. பழைய வரம்பைக் கண்டவன் என்ற முறையில் என்னைப் பள்ளிவாசலுக்கு அழைத்தார்கள். சத்தியம் செய்து, மச்சானுக்குப் பாதகமாக, கண்டதைச் சொன்னேன்.

அன்று தொட்டு அவ்வீட்டில் என்னுடன் கதைப்பார் இல்லை. சோறு மேசைக்கு வரும். நான் வந்து அமர்வதற்குள் மனைவி அடுக்களைக்குச் சென்றிருப்பார்.

சத்தியத்துக்கு முன்னரே என் முதுகில் ஒரு பிளவைக் கட்டி கிளம்பியிருந்தது. நான் சீனி வருத்தக்காரன்; நீரிழிவு உடம்பில் புண் இலகுவில் ஆறாது. பிறர் முன் சட்டை கழற்றுவது என் வழக்கமன்று. கழற்றினாலும் பார்க்க ஆளில்லை. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, எட்டியும் எட்டாமலும் நானே மருந்திட்டேன். காய்ச்சல் கண்டது. ஒரு காலை வலது கண் சிவந்து வலித்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டி புகைக்குள் போனது போல மங்கியது.

மனைவி ஓதிய தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வாசலில் மச்சானின் குரல் கேட்டது.

"வரம்பு தெரியாத கண்ணுக்கு ஓதின தண்ணி என்னத்துக்கு? பொய்ச் சத்தியம் சும்மா விடுமா?"

"கொஞ்சம் வாய மூடுங்க காக்கா. அந்த மனிசனுக்குக் காய்ச்சல் காயுது" என்று மனைவி தமையனை அடக்கினார்.

"ஓம், நல்லாக் காயட்டும்."

அக்காலத்தில் என் பொருட்டு அவ்வீட்டில் எழுந்த ஒரே பேச்சு மனைவியின் அந்தப் பேச்சுத்தான்.

கொழும்புக்குத் தனியே பஸ் ஏறினேன். கண் வைத்தியர் இமையை உயர்த்திப் பார்த்தார்.

"சேர், உடம்பில வேற எங்கயாவது கட்டி, புண் ஏதும் இருக்கா?"

"நான் கண்ணுக்கு வந்திருக்கிறேன்" என்றேன்.

"தெரியும் சேர். சட்டையக் கழட்டுங்க."

முதுகிலிருந்த கிருமி இரத்தத்தில் கலந்து கண்ணுக்குள் இறங்கியிருக்கிறது என்றார். ஊசி மருந்து ஏற்றினார்கள். உயிர் தப்பியது. கண்ணை எடுக்க நேர்ந்தது.

நோயாளியைச் சென்று பார்ப்பது எங்களிடத்தில் கடமை. மற்றக் கட்டில்களைச் சுற்றி உறவுகள் நின்றன. சரக்கெடுக்கக் கொழும்புக்கு வரும் எங்களூர்க் கடைக்காரர்களில் ஒருவரேனும் அந்த ஆஸ்பத்திரி வாட்டுப் படியேறவில்லை. பார்வையாளர் நேரத்தில் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

மச்சான் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். எனினும், நான் பொய்ச் சத்தியம் செய்ததால் அல்லாஹ் கண்ணைப் பறித்தான் என்று இன்றும் சொல்லப்படுவதை அறிவேன். அது பிழை. பள்ளிவாசலில் நான் நின்றபோதே பிளவை என் சட்டைக்குள் இருந்தது. பழைய வரம்பு நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது.