விருத்தாசலத்தில் ஒரு பாதி வராகர்

ஆடி மாதத்திலேயே கொலு பொம்மை வாங்கினால் மலிவு என்று என் மனைவி எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டார். இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் கிடையாது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலத்துக்கு ரயிலில் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜங்ஷனிலிருந்து பீங்கான் பட்டறைகளுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் நூற்றைம்பதில்தான் ஆரம்பித்தார். நான் கோபித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் பின்னாலேயே வந்து ஏற்றிக்கொண்டார்.

அவரே மல்லிகா என்பவரின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். பிள்ளையார்களும் கல்யாண செட்டுகளும் வெள்ளை வெளேரென்று வர்ணத்துக்குக் காத்திருந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் பக்கமாயிற்றே, அந்தக் கோயில் பூவராகர் பொம்மை இருக்கிறதா என்று கேட்டேன். மல்லிகாவின் முகம் வாடிவிட்டது. தை மாதம் பட்டறையில் திருடு போயிருக்கிறது. போனவை பொம்மை வார்க்கும் அச்சுகள். வராகர் அச்சு மல்லிகாவே உருவாக்கியது.

"பொம்மையில இருந்து வேற அச்சு எடுக்க முடியாதா?" என்று மேதாவி போலக் கேட்டேன்.

"சூளையில வெந்தா சுருங்கிடும் சார். அதுலேர்ந்து எடுத்தா இன்னும் சின்னதாயிடும், புதுசா செஞ்சா அதே முகம் அமையல, ஸ்ரீமுஷ்ணம் கடைக்காரரு வாங்க மாட்டாரு. ஆடி முடியறதுக்குள்ள அச்சு வரலன்னா ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னுட்டாரு. அதாங்க எங்க வருசத்துப் பொழப்பே."

அப்போது மல்லிகாவுக்குப் போன் வந்தது, ஸ்பீக்கரில் போட்டார். பேசியவர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் பெண் எஸ்.ஐ.

"அக்கா, திருடன் வுட்டுட்டுப் போன பாதி அச்சு இன்னும் இருக்குதா?"

மல்லிகா திருதிருவென்று விழித்தார். காய்வதற்காக அச்சின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனி அலமாரியில் வைப்பது அவர் வழக்கம். திருடன் அவசரத்தில் வராகரின் முன்பாதியோடு போய்விட்டான். ஒற்றைப் பின்பாதியால் என்ன பயன்? சன்னல் படுதா பறக்காமல் இருக்க அதைப் பாரமாக வைத்திருந்தார்! தூசி தட்டி, பழைய புடவையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் காத்திருந்த அதே ஆட்டோவில் நானும் தொற்றிக்கொண்டேன்.

ஐம்பது வயதுவரை போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. உள்ளே போனதும் ஆச்சரியப்பட்டுப்போனேன். புகார் வாங்கிய எஸ்.ஐ. எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டாராம். இந்த எஸ்.ஐ. மல்லிகாவை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். ஆனாலும் கணினித் திரையில் வழக்கு முழுவதும் இருந்தது. யாரை விசாரித்தார்கள், அடுத்து என்ன செய்யவேண்டும், மிஞ்சிய பின்பாதியின் படம், எல்லாமே.

"முன்னாடி ஆளு மாறினா ஃபைலு பீரோவுல தூங்கும் சார்," என்றார் எஸ்.ஐ. "இப்ப நான் சும்மா இருந்தா இந்தக் கம்ப்யூட்டரு செவப்பா காட்டிக்கினே இருக்குது. மத்த ஸ்டேஷன்ல புடிச்ச பொருளுங்கள வாரம் ஒருக்கா தேடணும். அப்படித் தேடறப்பதான் இந்தப் பாதிக்குச் சேர்றமாரி ஒரு அச்சோட படம் மாட்டிச்சி."

வேறொரு திருட்டில் பக்கத்து மாவட்டத்தில் சிக்கிய ஒருவனிடம் அச்சுகள் இருந்திருக்கின்றன. "பின்பாதிய அவனே புதுசா செஞ்சு ஒப்பேத்திக்கினு, எல்லாம் என்னுதுங்கறான் அக்கா. நீங்கதான் காட்டணும்."

அங்கிருந்து வந்திருந்த முன்பாதியை மேசைமேல் வைத்தார்கள். அச்சு நகராமலிருக்க ஒரு பாதியின் விளிம்பில் குழியும் மறுபாதியில் குமிழும் வைப்பார்கள். ஒருவர் கையால் வைத்தது இன்னொருவர் அச்சில் சேராது. மல்லிகா சுற்றியிருந்த புடவையைப் பிரித்தார். பின்பாதியை மேலே வைத்து அழுத்தினார். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

எஸ்.ஐ. அதை வீடியோ எடுத்து அங்கேயே வழக்கில் ஏற்றினார். இடையில் நெட் இரண்டு முறை படுத்துக்கொண்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். "கோர்ட்டு மூலமாத்தான் கையில தருவோம் அக்கா. இன்னைக்கே மனு எழுதிடலாம்."

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, ஆர்டர யாருக்கும் குடுத்துடாதீங்க. பத்து நாளு பொறுங்க."

எந்திரம் திருடனைப் பிடிக்காது. ஆனால் ஆள் மாறினாலும் ஒருவரின் கவலையை மறக்காமல் வைத்திருக்கிறது, அந்த வேலையை இந்த எஸ்.ஐ. போன்றவர்கள் செய்து முடிக்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகவே படுகிறது. நீங்களும் உங்கள் வண்டி, நகை எதுவானாலும் அடையாளம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பொம்மை வாங்கப் போகிறவர்கள் ஆடியிலேயே போங்கள், பழைய துணி கொண்டுபோனால் சுற்றி எடுத்துவரலாம்.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில் மல்லிகா போனில் பேசினார். "சார், சூளை மூட்டியாச்சு. உள்ள அத்தனையும் வராகருதான்."