சப்பாத்தைக் கழற்றச் சொன்ன டீச்சர்

மடுல்கெல்லப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில்தான் அந்த டீச்சரைச் சந்தித்தேன். ஒல்லியான பெண், கணுக்கால்வரை கோலமாவு. நின்று பேசும்போதும் அவருடைய குதிகால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும்.

நான் சண்டை பிடிக்கத்தான் போனேன். அங்கே படிக்கிற என் மகள் ஜனவரியில் முதலாம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவளோ பென்சிலைக் கண்டாலே அழுகிறாள்.

"இங்க ஆட்டமும் பாட்டும்தானே நடக்குது டீச்சர், எழுத்து எப்ப?"

முற்றத்தில் கோலமாவால் போட்டிருந்த பெரிய 'அ'வை அவர் காட்டினார்.

"சப்பாத்தக் கழட்டிட்டு அதுமேல நடங்க சார்."

அவர் காலிப் பால்மாப் பேணியின் தகரத்தைத் தட்டிப் பாட, பிள்ளைகள் கைதட்டினார்கள். கண்டிக் கந்தோரில் இருபது வருடமாகக் கோப்பு கோப்பாக எழுதித் தள்ளுகிற நான், வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடைசிக் கோட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தேன்.

"ஐயோ அப்பா, அங்கிட்டிருந்து இல்ல!"

மகள் ஓடிவந்து என் விரலைப் பிடித்து, சுழியிலிருந்து கடைசிக் கோடுவரை பிசகாமல் இழுத்துப் போனாள். பிறகு குந்தியிருந்து, மண்ணில் விரலாலேயே ஓர் 'அ' போட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

"பென்சில், டீச்சர்?"

"அது தானா வரும். நீங்க நாளைக்கும் வாங்க சார், 'ஆ' இருக்கு."

கிண்டலா, அக்கறையா? இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டேன்.