உளி பிடித்த ஞானமுத்து

ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பட்டறை ஆள் ஒருவன் மூச்சிரைக்க வந்து, “ஞானமுத்து அண்ணன் பூட்டாருங்க” என்றான். காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் போய்விடுவார் என்று நினைக்கவில்லை. எடுத்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஆண்டர்சன்பேட்டையில் அவர் வீட்டுக்கு நடந்தேன்.

தங்கச் சுரங்கப் பட்டறையில் அவர் உளி பிடிப்பார், நான் சம்மட்டி அடிப்பேன். இரும்புப் பட்டையில் அவர் இழுத்த சுண்ணாம்புக் கோட்டை விட்டு உளி ஒரு நூல்கூட விலகாது. பட்டறைத் தோழர்களே, கண்ணில் துகள் தெறிக்காமலிருக்க நமக்குக் கொடுத்த கம்பிவலைக் கண்ணாடி நினைவிருக்கிறதா? வியர்த்துக் கொட்டுகிறதென்று நாம் யாரும் அதைச் சீந்தியதில்லை. அவரோ அது இல்லாமல் உளியைத் தொடமாட்டார். “இன்னா அண்ணே, மாடு மாதிரி கண்ணக் கட்டிக்கினு செக்கு சுத்தக் கெளம்பிட்டியா?” என்று எத்தனை கேலி செய்திருப்போம்!

“சிரிங்கடா. கண்ணு கலங்குனா கையும் கலங்கும்” என்பார்.

மதியம் களி உருட்டும்போது கருவாட்டில் பெரிய துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளுவார். அந்த நாட்கள் திரும்பக் கிடைத்தால் இன்றைக்கே சம்மட்டி தூக்கப் போய்விடுவேன்.

ஒருநாள் பழைய இரும்புச் சட்டம் ஒன்று சரிந்து, என் வலது கால் அதற்குள் மாட்டிக்கொண்டது. சட்டம் அசைந்தால் நசுங்கிவிடும். காலை வெட்டி எடுத்துவிடலாம் என்று, பார்க்க வந்த டாக்டர் சொன்னது என் காதில் விழுந்தது. ஞானமுத்து, “நான் இரும்ப வெட்டிப் பாக்குறேங்க” என்று சொல்லிவிட்டு எங்கோ ஓடினார். வந்தபோது கையில் அந்தக் கண்ணாடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் காலு போவுது, உனுக்குக் கண்ணாடி கேக்குதா?”

“காலை ஒட்டி வெட்டணும்டா. தூள் பட்டு நான் கண்ண மூடுனா உளி உன் எலும்புல எறங்கிடும்.”

தன் தலைத்துண்டால் என் கண்ணைக் கட்டினார். பிறகு உளிமேல் அவரே சுத்தியால் அடிக்கும் சத்தம் மட்டும்தான். பக்கத்திலேயே, மிகப் பக்கத்திலேயே.

துண்டை அவிழ்த்தபோது கால் வெளியே இருந்தது. அவர் கன்னமெல்லாம் துகள் கிழித்த ரத்தம். கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்போ அழுதா பரவால்ல” என்று சொல்லி, என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினார்.

அவர் எனக்கு விட்டுப்போனது என் வலது கால். நேற்று அவருடைய பெட்டியைத் தோளில் வாங்கி, அந்தக் காலை ஊன்றித்தான் கல்லறை வரைக்கும் நடந்தேன்.