மடிப்பில் இருந்த நாலு வரி

அம்மா செத்து மூன்று மாதம் ஆகிறது. அவள் வேலை பார்த்த பெண்கள் சங்கத்தில் அவளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்கள். அவள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் வேண்டும் என்று சங்கத்து அக்கா போனில் கேட்டார்.

"நீதான் ஜெராக்ஸ் கடையில இருக்கியே பாப்பா. ஒரு செட்டு எடுத்துட்டு வந்துரு. ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும்."

சரி என்றேன். அதுவரை அந்தக் கடிதங்களை நான் படித்ததில்லை.

என் வேலை கோரிப்பாளையத்தில். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ஆதார் கார்டு, மார்க் ஷீட், பத்திரம் என்று நாள் முழுக்க அடுத்தவர்கள் எழுத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கிறேன். கவிழ்த்து வைக்கப் படிப்பு வேண்டியதில்லை.

அம்மாவின் வேலை வேறு. மேலூர்ப் பக்கம் சில ஊர்களில் பிள்ளை பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். அம்மா சடங்கு வீட்டுக்கே போய், செய்முறைத் தட்டில் நோட்டும் பேனாவும் வைப்பாள். பந்தியில் உட்காருவாள். இலையில் சோறு விழுந்த பிறகு கை வைக்க மாட்டாள். திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போகும் என்று தகப்பன் சொன்னால்தான் சாப்பாடு. விசேஷ வீட்டில் ஒருத்தி சாப்பிடாமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது. அப்படி எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அதனால் அவள் வீடு தங்கியதில்லை. நான் பிறந்த வருஷமே அப்பா போய்விட்டார். என்னை வளர்த்தது அனுப்பானடியில் இருந்த சித்தி, அம்மாவின் தங்கை. அங்கே போன் கிடையாது. அம்மா இன்லேண்டு லெட்டர் போடுவாள். சித்தி சத்தமாகப் படிக்க, நானும் சித்தி பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அந்த நீலக் காகிதத்தில் கடைசியாக ஒட்டுகிற சின்ன மடிப்பு ஒன்று உண்டு. பெரிய பக்கமெல்லாம் ஊர்க்கதை. மடிப்பில் எழுதுவது சித்திக்கு மட்டும். படிக்கும்போது சித்தி அதைக் கட்டைவிரலால் பின்னால் தள்ளிக்கொள்வாள். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

சித்தியிடம் கடிதக் கட்டை வாங்கிவந்து, கடையில் ஆள் இல்லாத மதிய நேரங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒரு கடிதம் பாதியிலேயே ஞாபகம் வந்துவிட்டது. சித்தி படிக்க நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தது. சாம்பாரில் ஆடை கட்டுகிற வரைக்கும் அம்மா இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தகப்பன் ஓடி வந்து, "போகும் தாயி, பிள்ளை போகும். நீ மொதல்ல சோத்துல கைய வையி" என்று கும்பிட்டிருக்கிறான்.

அதன் மடிப்பில் நாலு வரி இருந்தது.

"பாப்பாவ இந்த வருசம் நிப்பாட்டிரு. ஒனக்குக் கைப்பிள்ளை, ஒத்தையில சமாளிக்க முடியாது. அடுத்த வருசம் சேத்துக்கிடலாம். யாரும் கேட்டா அவளே போகமாட்டேன்னு அழுதான்னு சொல்லு."

நான் அழுததும் உண்மைதான். பாவாடை கிழிந்திருந்தது என்று ஒரே ஒரு நாள் காலையில் அழுதேன். அந்த அழுகைதான் என் படிப்பை நிறுத்தியது என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். எனக்கு மண்டையில் ஏறாது என்று நானே சொல்லிக்கொள்வேன். அம்மா கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஒரு இங்கிலீஷ் பேப்பரைக் கொடுத்தார்கள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மா கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சித்தி என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"மடிப்பப் படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"எனக்கு அப்ப எந்திரிச்சு ஒக்கார முடியலடி. ஆளு வேணும்னு நாந்தேன் எழுதுனேன். அவ என்ன செய்வா? ஊரான் பிள்ளையவா கூப்புட முடியும்?"

"ஊரான் பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிஞ்சிச்சுல்ல."

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜெராக்ஸ் எடுக்கையில அத உள்ள மடிச்சு விட்டுரு தாயி. அம்புட்டுப் பேரும் அவளச் சாமியா கும்புடுறாக. செத்தவ வந்து பதில் சொல்ல மாட்டா."

மறுநாள் மடித்து வைத்துத்தான் எடுத்தேன். சுத்தமாக வந்தது. பக்கத்தில் ஒரு மடிப்பு இருந்த அடையாளமே இல்லை. அந்த நகலைக் கிழித்துப் போட்டேன். மறுபடி வைத்தேன். முதலாளி பாய் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னம்மா, ஒரே பேப்பர நாலு தடவ வைக்கிற? மெஷின் என்ன, மாத்தி எழுதியா குடுக்கும்?"

அஞ்சாவது தடவை மடிப்பை விரித்து வைத்து எடுத்தேன்.

நான் செட்டைக் கொண்டுபோன அன்று சங்கத்துக்கு வெளியூர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா படத்துக்கு மாலை போட்டிருந்தது. அக்கா அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரித்தார். மடிப்புக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஒனக்குப் படிப்பு வரலன்னு நின்னுட்டன்னுதான் எங்ககிட்டச் சொன்னா."

"நானும் அப்படித்தேன் நம்பிக்கிட்டு இருந்தேங்க்கா."

"இது வீட்டு விஷயம் பாப்பா. மேல இருக்கறத மட்டும் போட்டுக்குவோமா?"

"வீட்டுக்கு எழுதுன லெட்டர்னுதானக்கா கேட்டீங்க?"

"கேட்டேன்தான். ஆனா அவளப் பத்தி நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்ல. மொதல்ல வா, சாப்பிடு."

பந்தி போட்டிருந்தார்கள். என் இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். பக்கத்து இலைகளை எடுத்து, அடுத்த பந்திக்குத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். நான் அப்படியே இருந்தேன். பரிமாறுகிற பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போய் அக்காவைக் கூட்டிவந்தாள். அக்கா என் இலையையும் என்னையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அவ புத்தி அப்படியே இருக்குடி ஒனக்கு" என்றார். "போடுறோம். நாலு வரியும் போடுறோம். சாப்பிடு."

சோற்றில் கை வைத்தேன். ஆறிப்போயிருந்தது. இந்த ஆறின சோற்றை எத்தனை வீட்டில், எத்தனை பிள்ளைகளுக்காக அவள் தின்றிருப்பாள். எனக்காக அவள் ஒரு இலை முன்னாலும் உட்காரவில்லை.