ஆடி மாதத்து டீசல்

என் கணவர் கனகலிங்கத்தைப் பற்றிக் கெல்சென்கிர்ச்சனில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கென்ன, எங்கள் கராஜைத் திறந்து பார்த்தவர்களா? சுவரோரமாக நாலு கான்கள் நிற்கும். ஒவ்வொன்றும் இருபது லீற்றர். நாலிலும் வாய்முட்ட டீசல். எண்ணெய் நிலையம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது, இரவு பகலாகத் திறந்திருக்கும். ஆனாலும் அந்தக் கான்களில் ஒன்று காலியாக நின்றால் இந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

“யாழ்ப்பாணத்துக்கே இப்ப பாதை திறந்து எல்லாச் சாமானும் போகுதாம். உங்களுக்கு மட்டும் பொருளாதாரத் தடை இன்னும் முடியேல்லையோ?” என்று கேட்பேன்.

“சும்மா இரும் அரசி” என்பார். என் முழுப் பெயர் மங்கையற்கரசி. அதோடு அவருடைய பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமான கதையை நான்தான் கதைக்க வேண்டும்.

ஜேர்மனிக்கு வந்து ஆறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். அதற்குப் பிறகுதான் பழைய ஏழரைத் தொன் லொறி ஒன்றை வாங்கினார். அப்போதும் வார இறுதியில் கோப்பை கழுவுவதை விட முடியவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். சோறு பிசையும்போது எரியும், ஆனால் சொல்ல மாட்டார். நான்தான் இரவில் நல்லெண்ணெய் எடுத்துப் பூசிவிடுவேன்.

2002ஆம் ஆண்டு முடிகிற நேரத்தில் லிண்ட்னர் என்ற பெண்மணி எங்களைக் கூப்பிட்டார். ஏர்ஃபூர்ட்டில் வண்ண மீன் வியாபாரம் செய்கிறவர். கொழும்பிலிருந்து விமானத்தில் வரும் மீன்களை ஃபிராங்க்ஃபேர்ட்டில் ஏற்றி அவருடைய களஞ்சியத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று முறை ஓடிக் காட்டுங்கள், மீன் சாகாமல் வந்தால் ஒரு வருட ஒப்பந்தம் என்றார். அது கிடைத்தால் கோப்பை கழுவுவதற்கு முழுக்குப் போடலாம். இரண்டு முறை நல்லபடி போய்வந்தோம். மீன் பெட்டிகளின் சூட்டை அளந்து கொப்பியில் எழுதுவது என் வேலை.

மூன்றாவது ஓட்டம் 2003 தை மாதத்தில் வந்தது. அப்படியொரு குளிரை நான் அதுவரை கண்டதில்லை. ஃபிராங்க்ஃபேர்ட்டில் காலையிலேயே மைனஸ் ஒன்பது. குளிர் தாக்காத வெள்ளை நுரைப்பெட்டிகள், நாங்கள் றெஜிஃபோம் என்போம், முப்பத்தாறையும் ஏற்றிவிட்டுப் பார்த்தால், இவர் கராஜில் இருந்த நாலு கான்களையும் கொண்டுவந்து தாங்கிக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“நீர்தானே எந்த நாளும் கானைக் காலி பண்ணுங்கோ, காலி பண்ணுங்கோ எண்டு நிண்டனீர். ஆடியில அடிச்சது. கிடக்கிற பழசை முதல்ல முடிப்பம்.”

வீட்டில் அரிசிக்கும் பருப்புக்கும் நான் வைத்த சட்டம்தான் அது, பழையதை முதலில் சமைப்பது. நான் கொப்பியை எடுத்துக்கொண்டு பெட்டிகளை அளக்கப் போனேன்.

ஐசனாக்கைத் தாண்டியதும் லொறி இருமத் தொடங்கியது. மேட்டில் ஏற மறுத்தது. ஒருவாறு தவழ்ந்து நெடுஞ்சாலையோரத்து ஓய்விடம் ஒன்றுக்குள் போய் நின்றோம். எஞ்சின் நின்றதோடு பெட்டிப் பக்கத்துச் சூடாக்கியும் நின்றுவிட்டது. அதுவும் அதே டீசலில் ஓடுகிற சாமான்தானே. வெளியே மைனஸ் பத்தொன்பது.

இவர் வெறுங்கையோடு டீசல் வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடந்தது. மாரிகாலத்தில் எங்கள் குசினித் தட்டில் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்குமே, அப்படி. கைவசம் இருந்த புது வடிகட்டியைப் போட்டார். எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடிவிட்டு மறுபடி அடங்கியது. நான் பின்னால் ஏறி அளந்து பார்த்தேன். இருபத்தைந்து பாகையில் இருக்க வேண்டிய தண்ணீர் இருபத்தொன்றுக்கு வந்திருந்தது. பதினெட்டுக்குக் கீழே போனால் அந்த மீன்கள் தாங்காது என்று லிண்ட்னர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“இஞ்சாருங்கோ, இருபத்தொண்டு!” என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது பக்கத்தில் நின்ற பெரிய லொறியிலிருந்து ஒரு சாரதி இறங்கி வந்தார். றூடிகர் என்று பெயர், அந்தப் பகுதி ஆள், மீசையெல்லாம் பனி. எங்கள் டீசலை ஒரு பிளாஸ்ரிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கஞ்சி மாதிரி கலங்கிக் கிடந்தது.

“இது கோடைகால டீசல். குளிருக்கு மெழுகாய் உறையும். மாரிக்கு விற்கிறது வேறு எண்ணெய். எங்கே அடித்தாய்?” என்று கேட்டார்.

என் கணவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கையை நீட்டி, அந்த ஓய்விடத்து எண்ணெய் நிலையத்தைக் காட்டினார். “இங்கேதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முட்டாள் என்று தெரிந்துவிடும் என்ற வெட்கம், வேறொன்றுமில்லை. றூடிகருக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தக் குளிரில் கோடை டீசல் விற்கிறார்களா, இன்னும் எத்தனை பேர் வழியில் நிற்கப் போகிறார்கள் என்று சத்தம் போட்டபடி நிலையத்துக்குள் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். காசு வாங்கும் இடத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். றூடிகர் போட்ட சத்தத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பம்புகளையெல்லாம் நிறுத்தவா என்று முதலாளியிடம் கேட்கத் தொலைபேசியை எடுத்தாள்.

நான் இவருடைய முதுகில் ஒரு இடி இடித்தேன். “உந்தப் பிள்ளையின்ர வேலை போகப்போகுது. சொல்லுங்கோ!”

அவர் சொன்னார். அவருடைய ஜேர்மன் மொழி சமையலறையில் படித்தது, துண்டு துண்டாகத்தான் வரும்.

“இவள் பிழை இல்லை. நான் பொய். டீசல் என் வீட்டில். ஆடி மாதம் வாங்கி வைத்தது.”

“வீட்டில் ஏன் வைக்கிறாய்?” என்று றூடிகர் கேட்டார்.

“என் நாட்டில் சண்டை. ஐந்து வருடம் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. கார் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் தொடங்க ஒரு மூடி பெற்றோல் வேண்டும். மனைவிக்குப் பிள்ளை வருகிறது. கார் இருக்கு. ஒரு மூடி பெற்றோல் இல்லை. நான் வீடு வீடாய்ப் போனேன். கிடைத்து வரும்போது நேரம் போய்விட்டது. பிள்ளை இல்லை.”

பத்து வருடம். அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு நாள்கூட இவர் வாய் திறந்ததில்லை. நான் அழுதபோதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். கல்மனம் என்று நான் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன்! அந்தக் கான்களைப் பார்த்துப் பார்த்துத் தினமும் பரிகசித்தேனே, ஏன் என்று ஒரு தரம் யோசித்தேனா? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

றூடிகர் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, “முதலில் மீனைப் பார்ப்போம்” என்றார்.

அந்தப் பெண்தான் வழி சொன்னாள். கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கு உடுப்பு மாற்றுகிற அறை ஒன்று இருந்தது, நல்ல சூடு. கொழும்பு மீன்கள் முப்பத்தாறு பெட்டியும் அங்கே குடிபோயின. பெட்டிகளைத் தூக்கி முடித்தபோது கடைசிப் பெட்டியில் தண்ணீர் பத்தொன்பது பாகை. நான் அதைக் கொப்பியில் எழுதினேன்.

ஆண்கள் இருவரும் லொறிக்குக் கீழே படுத்துத் தாங்கியின் அடி ஆணியைக் கழற்றினார்கள். ஆடி மாதத்து டீசல் கூழாக, மெதுமெதுவாக அதே நாலு கான்களுக்குள் இறங்கியது. நான் உணவகத்தில் சுடுதண்ணீர் வாங்கி வாங்கி வந்து வடிகட்டியின் மேலே ஊற்றினேன். என் கம்பளிச் சால்வையை அதில் சுற்றிக் கட்டினோம். நிலையத்தில் மாரி டீசல் அடித்து, றூடிகரின் கானில் கொண்டுவந்து ஊற்றி, இரண்டு மணிநேரம் கழித்து இவர் சாவியைத் திருப்பினார். ஒரு உறுமல், ஒரு உதறல், பிறகு ஓடத் தொடங்கியது. “அப்பாடா!” என்று நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

ஏர்ஃபூர்ட்டுக்கு மூன்று மணிநேரம் பிந்திப் போனோம். லிண்ட்னர் பெட்டிகளுக்குள் இருந்த மீன் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு பையில் ஆறு மீன் செத்திருந்தது. இந்தக் குளிரில் வேறென்ன நடக்கும் என்று அவரே சொன்னார். தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. இவர் தலையாட்டவில்லை.

“குளிர் இல்லை. என் பிழை” என்று சொல்லி, நடந்ததைச் சொன்னார். பிள்ளைக் கதையை மட்டும் சொல்லவில்லை.

லிண்ட்னர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். பத்தொன்பது என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தார். “அடுத்த செவ்வாய் வாருங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கலாம். ஆனால் டீசலை நிலையத்தில் அடியுங்கள்” என்றார்.

மறுநாள் இவர் கான்களைக் கொண்டுபோய் நகராட்சியின் கழிவு நிலையத்தில் டீசலைக் கொடுத்துவிட்டு வந்தார். இத்தனை வருடமாக நான் கேட்டது நடந்துவிட்டது. அன்று பின்னேரம் மூன்று தரம் கராஜுக்குப் போய்வந்தார். நாலாம் தரம் நான் மெல்லப் பின்னால் போய்ப் பார்த்தேன். வெறும் கான்களுக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஒரு கானைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் நிலையத்துக்கு நடந்தேன். அரைவாசிதான் அடிக்க முடிந்தது, அதற்கு மேல் என் இடுப்பு தாங்காது. திரும்பி வந்து, என் சிவப்பு நகப்பூச்சை எடுத்துக் கானின் மேலே பெரிதாகத் ‘தை’ என்று எழுதினேன்.

“இது மாரி டீசல். இனி அடிக்கிற ஒவ்வொண்டிலையும் மாசம் எழுதோணும். கோடையில அடிச்சதைக் கார்த்திகைக்கு முன்னம் முடிச்சுப்போடோணும். விளங்கினதோ?”

அவர் குனிந்து அந்த எழுத்தைப் படித்தார்.

“இந்தத் தையோட அவனுக்குப் பத்து வயசு முடிஞ்சிருக்கும், என்ன அரசி?” என்றார்.

“ஓம்” என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒரு கதையும் வரவில்லை.