ஆரஞ்சு ஜூஸில் ஒரு பெக்

பார் கவுண்டரில் நான் தனியாக நின்ற முதல் ஞாயிறு மதியமே என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

கோரமங்களாவில் இருந்த பார் அது. பார்டெண்டிங் கோர்ஸ் முடித்து, முதலில் பார்பேக்காகச் சேர்ந்திருந்தேன். ஐஸ் அள்ளுவது, எலுமிச்சை நறுக்குவது, கிளாஸ் துடைப்பதுதான் பார்பேக்கின் வேலை. இந்தத் தொழிலுக்குள் பெரும்பாலானவர்கள் அந்த வழியாகத்தான் வருகிறோம். பாட்டிலைச் சுழற்றுவதெல்லாம் பிறகு. சில மாதம் கழித்து, பார்டெண்டராக டிரையல் கொடுத்தார்கள்.

நகரின் இன்னொரு பகுதியான ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டில் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். பார் வேலை பெண்களுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. டிரையலில் தோற்றால் அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும்.

ஒரு ஜோடி வந்து கவுண்டர் முன் உட்கார்ந்தது. அந்த ஆள் விஸ்கி கேட்டார். அந்தப் பெண், "எனக்கு ஆரஞ்சு ஜூஸ் மட்டும் போதும், நான் குடிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு வாஷ்ரூம் போனாள்.

அவர் கவுண்டர் மேல் குனிந்தார். "சிஸ்டர், ஜூஸ்ல ஒரு பெக் வோட்கா விடுங்க. டேஸ்ட் தெரியாது."

"அவங்க வேணாம்னாங்களே சார்."

"சும்மா ஜாலிக்குங்க. நான் இங்க ரெகுலர்."

"அவங்க வந்து கேக்கட்டும் சார், ஊத்தறேன்."

அவர் முகம் மாறியது. "மேனேஜரைக் கூப்பிடு."

மேனேஜர் நாகேஷ் வந்தார். "ஏனாய்த்து செல்வி?" என்று, என்ன ஆச்சென்று கன்னடத்தில் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் விஸ்கி கேட்டவர் முந்திக்கொண்டார். "ஆர்டர் எடுக்கத் தெரியல, திமிரா வேற பேசுது." நாகேஷ் என்னை முறைத்தார். அதற்குள் அந்தப் பெண் திரும்பி வந்து, "என்ன பிராப்ளம்?" என்றாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டால் வேலை தங்கும். ஆனால் அடுத்த ரவுண்டிலும் அவர் கேட்பார். நானில்லாவிட்டால் வேறு பாரில் கேட்பார்.

"மேடம், உங்க ஜூஸ்ல வோட்கா ஊத்தச் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லாம. நான் ஊத்தல."

அவள் அவரையே பார்த்தாள். "நான் மாத்திரை சாப்பிடறேன்னு தெரியும்ல உனக்கு?" அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நாகேஷ் பின்னாலேயே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்.

திரும்பி வந்தவர் என்னைப் பாராட்டவில்லை. "அந்த ஆளு ஓனருக்கு ஃபிரெண்டுமா. நாளைக்குக் கூப்பிட்டாங்கன்னா நான் என்ன பண்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க சார்."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் ஓனர் கூப்பிட்டார். ஒரே கேள்விதான் கேட்டார்: "நிஜமா ஊத்தலையே?"

"இல்ல சார்."

"ஊத்தியிருந்தா இன்னிக்கு நானும் நீயும் ஸ்டேஷன்ல இருப்போம். போ, வேலையப் பாரு."

டிரையலில் தேறினேன். அப்பா பேச இன்னும் ஒரு வருடம் ஆனது.

இப்போது நான் ஒரு பாருக்குப் பொறுப்பாளர். வேலை கேட்டு வருகிறவர்கள் எத்தனை காக்டெயில் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவையெல்லாம் பழகப் பழக வந்துவிடும். கிளாஸில் என்ன இருக்கிறது என்பது அதைக் குடிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். பயம் போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். யாராவது கவுண்டர் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினால், இன்றும் அதே பயத்தோடு கையிலிருக்கும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.